பூங்கனியின் களியாக்கல்

பூங்கனி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறாள் என்றால் அவளுக்கு எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தம். இதை எந்த மருத்துவப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது அண்டியாபீஸில் வைத்துத் தெரிந்தது.

முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்றுதான் சொல்வோம். அண்டி என்றால் முந்திரிக்கொட்டை. ஆபீஸ் என்றதும் மேசை நாற்காலியை நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, சிமென்ட் தரை, அந்தத் தரையில் வரிசை வரிசையாகக் குத்தவைத்த பெண்கள். வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தல்லி உடைப்பது என் அம்மா தங்கபாயின் வேலை. பருப்பு முழுசாக வந்தால் முதல் தரம், பொடிந்தால் கூலி குறையும். உடைத்து வருகிற பருப்பின் தோலைச் சிறு கத்தியால் சுரண்டுவது, பெரிய லீவில், எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை. சட்டப்படி நாங்கள் அங்கே இருக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சாக்கு அட்டிகளுக்குப் பின்னால் எங்களை ஒளித்து வைப்பார்கள். பூங்கனி அங்கே இருந்துகொண்டே இன்ஸ்பெக்டரின் குரலில் பேசுவாள். "பிள்ளைகள் யாரும் இங்க இல்லியே? செரி, இல்லாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய் குடுங்கோ." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்ட பிள்ளைகள் உண்டு.

ஊரில் இப்படிக் கிண்டலடிப்பதைக் களியாக்குவது என்பார்கள். பூங்கனி களியாக்காத ஆள் கிடையாது.

அந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். கொட்டைத் தோட்டின் எண்ணெய் விரலைத் தின்றது. சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் தோல் கறுத்து உரிந்தது. அம்மாவின் முட்டு நாற்பது வயதிலேயே மடங்காமல் ஆனது. ஆனாலும், எங்காவது முந்திரி வறுபடும் வாசனை வந்தால், இப்போதும் எனக்குப் பக்கத்தில் ஒரு தோள் வந்து இடிக்கிற மாதிரி இருக்கும். பூங்கனியின் தோள். ஒரே சாக்கில் உட்கார்ந்து, ஒரே தூக்குவாளியில் கஞ்சியும், கொள்ளில் அரைத்த காணத்துவையலும் தின்றவர்கள் நாங்கள். அந்தத் துவையலின் ருசி பிறகு எந்த மேசையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் வகுப்பு முடிந்த லீவில் அது நடந்தது. கொட்டை வறுக்கிற கொட்டகைக்கு, வறுப்புப் புரைக்கு, எதையோ எடுக்கப் போன பூங்கனி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை செய்தாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சு மாதிரி என்றைக்கும் பேசியதில்லை. மேஸ்திரி நடக்கிற நடை, அவர் பெண்டாட்டி கோயிலில் சாமியாடுகிற ஆட்டம், எங்கள் சபைப் பாதிரியார் ஜெபத்துக்கு நடுவே தூங்கி விழித்து ஆமென் சொல்வது. வரிசை முழுக்க உருண்டு சிரித்தது. கஞ்சி குடித்து முடித்து கொஞ்ச நேரம் இருக்கும், பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். என் மடியில் சரிந்தாள். பாவாடையை விலக்கினால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் இல்லை. கொதிக்கிற அண்டி எண்ணெய் கொட்டியிருக்கிறது. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

அவள் வலியைக் களியாக்கலில் பொதிந்து வைப்பாள். பேச்சு நின்றுவிட்டால் பொதி நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் படித்து வெளியே போனேன். பெண்களுக்கான டாக்டராகி, அறுவை சிகிச்சை கற்று, மண்டைக்காட்டுக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தேன். பூங்கனி அண்டியாபீஸிலேயே இருந்துவிட்டாள். அந்தப் பழைய ஆபீஸ் இப்போது கல்யாண மண்டபம். அவள் வேறொன்றில் வேலை செய்கிறாள். என் அம்மா இறந்தபோது வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "தங்கபாயக்கா, இப்பமாவது காலை நீட்டிப் படுக்க விட்டானுவளே" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இந்த வருஷம் மாசிக் கொடைத் திருவிழாவில் அவள் திரும்ப என் முன்னால் வந்தாள். மண்டைக்காட்டு அம்மனுக்குப் பெண்கள் விரதமிருந்து, இருமுடிக்கட்டைத் தலையில் சுமந்து நடந்து வருவார்கள். கொடை நாட்களில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெயிலில் மயங்கி விழுந்தவர்களும் காலில் கொப்புளம் வெடித்தவர்களுமாக வந்துகொண்டே இருப்பார்கள். டியூட்டி டாக்டர் ஸ்டெனி படிப்பை முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நல்ல பையன். காலையிலிருந்து குளுக்கோஸ் ஏற்றி ஏற்றிச் சலித்துப் போயிருந்தான்.

உச்சிப்பொழுதில் வார்டுக்குப் போகிற வழியில் அவசரப் பிரிவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ரேஷன் கடை மெஷினும் இப்பிடித்தான் சார். எனக்க விரல வச்சா, இப்பிடி ஒரு ஆளே கெடையாதுன்னு சொல்லும். நீங்களாவது ஆளு உண்டுன்னு ஒரு சீட்டு எழுதித் தாருங்கோ."

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கிற கிளிப்பை ஸ்டெனி ஒவ்வொரு விரலாக மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். அண்டி எண்ணெயில் கறுத்த விரல்கள். கருவி ஒன்றும் காட்டவில்லை. பக்கத்துக் கட்டில்காரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் வார்டை விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"எட்டி பிரிஜா! வந்தியா?" என்றாள் பூங்கனி. படுத்தபடி கையை ஆட்டினாள். "பாத்தியாட்டி, உனக்க ஆஸ்பத்திரியில எனக்கு உயிரு இல்லேன்னு சொல்லுகானுவ."

ஸ்டெனி என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: "சீரியஸா ஒண்ணும் இல்ல மேடம். விரதம், வெயில். நடந்து வரும்போது மயங்கியிருக்காங்க. பிரஷர் கொஞ்சம் கம்மி, ட்ரிப் போட்டிருக்கேன். வயித்துல கேஸ். தோள் வலி சொல்றாங்க, அது இருமுடி சுமந்ததுல."

எல்லாவற்றுக்கும் இருமுடியிலேயே காரணம் இருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எங்கட்டி நோவுது?"

"எங்கயும் இல்ல."

"பூங்கனி, எங்க நோவுது?"

"உனக்க மூஞ்சியப் பாத்து கண்ணு நோவுது. டாக்டரானா சிரிக்கப்பிடாதுன்னு சட்டம் உண்டா?"

நகத்தைப் பார்த்துப் பயனில்லை, கறுப்பு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். தோலுரித்த பருப்பு மாதிரி வெளுத்திருந்தது. நாடி விரலுக்கடியில் ஓடியது. எண்ண முடியாத ஓட்டம். கிளிப்பைக் காது மடலில் மாட்டச் சொன்னேன்.

"இருமுடிய எங்க வச்சுச் சுமந்த?"

"தலையில. பின்ன, இடுப்பிலயா?"

"தலைல சுமந்ததுக்குக் கழுத்துல நோவு இல்ல. தோளு நுனியில மட்டும் எப்பிடி வந்துது?"

அவள் தோள் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "படுத்தப் பெறவுதான் கூடிச்சு" என்றாள்.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், படுக்கும்போது அது மேலே ஏறி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசைத்திரையைத் தொடும். வலி தெரிவது தோளில். வயிற்றில் கை வைத்தேன். அழுத்தினபோது ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்தபோது பல்லைக் கடித்தாள். கடித்த பல்லைக் காட்டிச் சிரித்தாள்.

"மாசக்குளி எப்ப வந்துது?"

"வரல்ல. மாத்திர போட்டேன்லா."

இருமுடி எடுக்கிற பெண்கள் எல்லோரும் போடுகிற மாத்திரைதான். விரத நாட்களில் விலக்காகிவிடக் கூடாது என்று மருந்துக்கடையில் வாங்கி, நாளைத் தள்ளிப்போடுவார்கள்.

"மாத்திர போடுகதுக்கு முந்தி, எப்ப வரவேண்டியது?"

"தை கடைசில. அப்பமே வரல்ல. பிந்தி வந்து விரதத்தக் கெடுத்தா என்ன செய்யன்னுதான் மாத்திரய வாங்கிப் போட்டேன். புத்தி இருக்குல்லா எனக்கு."

நான் ஸ்டெனியைப் பார்த்தேன். "யூரின் எடுத்து கர்ப்பம் இருக்கான்னு பாரு."

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினவங்க மேடம். ரெண்டாவது குழந்தையோட."

"போட்ட முடிச்சு அவிழாதுன்னு யாரும் சத்தியம் பண்ணித் தரல்ல. பாரு."

ஓடினான். அதற்குள் நானே ஒரு நீள ஊசியை அவள் வயிற்றின் ஓரத்தில் இறக்கி இழுத்தேன். குழாயில் கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. பஞ்சில் விட்டுப் பார்த்தேன், உறையவில்லை. குத்தின நரம்பின் ரத்தமாக இருந்தால் உறைந்திருக்கும். இது வயிற்றில் ஏற்கனவே தேங்கிக் கிடக்கிற ரத்தம். ஸ்டெனி சோதனை அட்டையோடு திரும்பி வந்தான். ரெண்டு கோடு. அவன் முகமும் அவள் இமை மாதிரி ஆகியிருந்தது.

"பூங்கனி, நீ உண்டாயிருக்க. பிள்ளை கர்ப்பப்பையில நிக்கல்ல, கருக்குழாயில நின்னுட்டு. அது வெடிச்சுப் போச்சு. உள்ள ரத்தம் போகுது."

அவள் என்னையே பார்த்தாள். "எட்டி, நான் விரதமாக்கும்!"

"இது விரதத்துக்கு முந்தி உள்ளது."

"மோளுக்கு மாப்பிள பாக்குகோம். அதுக்கு நடுவுல பெத்த தள்ளைக்கு..." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பம் மண்டைக்காட்டு அம்மைக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியல்ல. இருமுடில எனக்கு ஒரு முடி, அம்மைக்கு ஒரு முடின்னு நெனச்சேன், மூணாவதும் ஒண்ணு..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பேச்சு நின்றது.

காதில் மாட்டியிருந்த கருவி கூவுவதற்கு முன்னாலேயே நான் எழுந்துவிட்டேன். பிரஷர் பார்க்கிற பட்டை காற்றை நிரப்பி, இறக்கி, திரும்ப நிரப்பியது. மேல் எண் அறுபது என்று காட்டியது.

மயக்க மருந்து டாக்டர் ஜாஸ்பர் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பயந்த சுபாவம். அந்தப் பயத்தினாலேயே அவர் கையில் யாரும் செத்ததில்லை என்று நான் நினைப்பதுண்டு.

"அனுப்பிரு பிரிஜா. ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரில ரத்தம் இருக்கு, ஆளு இருக்கு."

"ரோட்டப் பாத்தீங்களா சார்? ஆம்புலன்ஸ் கோயில் முக்கு தாண்டாது."

"இந்தப் பிரஷர்ல நான் மயக்கம் குடுத்தா அப்படியே இறங்கிரும். டேபிள்ல போயிட்டா என்ன செய்வே? கொடைக்கு வந்த சனம் வெளிய நிக்கு. நாளைக்கு இந்தக் கட்டடத்துல சன்னல் இருக்காது."

"ஆம்புலன்ஸ்ல போயிட்டா?"

"அது நம்ம கையில இல்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வழியில் செத்தால் வழி கொன்றது. மேசையில் செத்தால் நான் கொன்றேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. நல்லவர்களும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

நான் பூங்கனியைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. உதடு ஒட்டியிருந்தது. என் மடியில் சரிந்து விழுந்தபோது இருந்த அதே முகம்.

"இங்கயே திறக்கேன் சார். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்திட்டே அனுப்ப முடியாது. முதல்ல ஓட்டைய அடைக்கணும்." ஸ்டெனியிடம் திரும்பினேன். "நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ரத்தம் கேளு. நம்மகிட்ட இருக்க ரெண்டு பைய இப்ப ஏத்து. காரு விடாதே, பைக்ல ஆள் விடு. கூட்டத்துல பைக் நுழைஞ்சு வந்திரும்."

ஜாஸ்பர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு, "வயித்தத் துடைச்சு, துணி போத்தி, நீ கத்திய எடுத்துட்டு நில்லு. அப்புறந்தான் மருந்து ஏத்துவேன்" என்றார். அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்திருப்பேன். நேரமில்லை.

வெளியே அவள் புருஷன் முத்துநாயகம், தலை மொட்டையடித்து, விரத வேட்டியோடு நின்றார். மரக்கடையில் லோடு இறக்குகிறவர். விஷயத்தைச் சொன்னதும் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கேட்டார்:

"டாக்டரம்மா, திறக்குகதுதான் திறக்குகீங்க. கர்ப்பப்பையையும் சேத்து எடுத்திருங்கோ."

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"பின்னால தொந்தரவு இருக்காதுல்லா. எனக்க அக்காளுக்கு எடுத்தாச்சு. மைனிக்கு எடுத்தாச்சு. அண்டியாபீஸ்ல எடுக்காதவ ஆரு உண்டு?"

அது உண்மைதான். என் அம்மா உட்கார்ந்த வரிசையில் பாதிப் பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. வெள்ளை போகிறது, இடுப்பு நடுவு நோகிறது என்று போனவர்களுக்கெல்லாம் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகும் நடுவு நோகத்தான் செய்தது. என் அம்மாவுக்கும் எடுத்தார்கள்; தையல் ஆறும் முன்னே போய்த் திரும்பக் குத்தவைத்தாள். எடுத்தால் நோவு போய்விடும் என்று யாரோ சொன்னதை அவள் கடைசிவரை நம்பினாள். நோவு உட்காருகிற இடத்தில் இருந்தது, எடுத்த இடத்தில் இல்லை.

"கெட்டுப்போனத எடுப்பேன். நல்லா இருக்கத எடுக்க மாட்டேன்" என்றேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கிரேசி சிஸ்டர் இருமுடிக்கட்டை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திகைத்து நின்றாள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். "மேடம், இத தரையில வைக்கக் கூடாதாம். எங்க வைக்க?"

"உனக்கு எட்டுகதுல உயரமான எடத்துல வை."

மருந்து வைக்கிற ஃபிரிட்ஜின் மேல் ஒரு புதுத் துண்டை விரித்து, அதன் மேல் வைத்தாள்.

ஜாஸ்பர் தலையசைத்தார். கத்தியை இழுத்தேன். வயிற்றின் உள் உறையைத் திறந்ததும் ரத்தம் மேலே பொங்கி மேசையில் வழிந்தது, என் செருப்பு நனைந்தது. இந்த நிலையில் கண்ணால் தேடிப் பிரயோஜனமில்லை. ஸ்டெனி உறிஞ்சுகுழாயைப் பிடித்திருக்க, நான் கையை ரத்தத்துக்குள் பாதி முழங்கை வரை விட்டேன். விரல்தான் பார்க்க வேண்டும். கர்ப்பப்பை உருண்டையாக, கெட்டியாக, சரியாக இருந்தது. அதன் இடது தோளைப் பிடித்து ஓரமாகப் போனேன். வழுக்கியது. பழைய முடிச்சின் தடிப்பு தட்டுப்பட்டது. அதைத் தாண்டி, வெடித்த இடம், கிழிந்த பழத்தோல் மாதிரி. ரெண்டு விரலால் நெரித்துப் பிடித்தேன்.

"பிடிச்சிட்டேன் சார்."

ரெண்டு விரலுக்கு நடுவே அவள் ரத்தம் துடித்து நின்றது. இடுக்கியை வாங்கி, விரல் இருந்த இடத்தில் போட்டேன்.

"பிரஷர் நிக்குது" என்றார் ஜாஸ்பர். அப்புறம், "ஏறுது பிரிஜா. மெதுவா ஏறுது."

வெடித்த குழாயை எடுத்தேன். வலதுபுறக் குழாயிலும் பழைய முடிச்சு தளர்ந்திருந்தது. இன்னொரு தடவை இந்தக் கதை வேண்டாம் என்று அதையும் எடுத்தேன். கர்ப்பப்பையைக் கழுவிவிட்டு, அது இருந்த இடத்தில் விட்டேன். தையல் போடும்போது நெய்யூரிலிருந்து பைக் வந்துவிட்டது என்று கிரேசி வந்து சொன்னாள். பையன் ரத்தப் பையைப் பனிக்கட்டியோடு நெஞ்சில் கட்டிக்கொண்டு, சிங்காரி மேளத்துக்கு நடுவே புகுந்து வந்திருக்கிறான்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். பேசவில்லை. பிரஷர் சரி, நாடி சரி, மூத்திரம் நன்றாகப் போனது. "இனி பயமில்ல, வீட்டுக்குப் போ" என்றார் ஜாஸ்பர். நான் போகவில்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் அவள் வாய் திறக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பு அந்தக் கை வெந்தபோதும் இப்படித்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாட்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்கிற கதைகளை அவளுக்கே சொல்லிப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியாது. மேஸ்திரியின் நடையைக்கூட ஒழுங்காகச் செய்ய வராது. அதைப் பார்த்துத்தான் கடைசியில் சிரித்தாள்.

இன்றைக்கும் வேறு வழி தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஓர்மை இருக்காட்டி, சாக்குக்குப் பின்னால? இல்லாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாய்..."

அவள் இமை அசைந்தது. அவ்வளவுதான். தழும்பு விழுந்த அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். என் கையிலும் அந்த எண்ணெய் தின்ற அடையாளம் ஒரு விரலில் உண்டு. கையுறை போடும்போது மட்டும்தான் அது என் கண்ணில் படும்.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போகும்போது வராந்தாவிலேயே சத்தம் கேட்டது.

"...மொட்டத் தலையில எனக்க இருமுடிய வச்சுக்கிட்டு இவரு போனாராம். வழுக்கி வழுக்கிக் கோயில் போய்ச் சேர நேரம் ஆயிட்டுதாம். அம்மை கேட்டாளாம், எங்கடே உனக்க பெண்டாட்டி? இவரு சொன்னாராம், கொட்டைய உடைக்கக் குடுத்திருக்கு தாயே, பருப்பு முழுசா வந்ததும் அனுப்புகேன்."

முத்துநாயகம் தலையைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்டு நின்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. மருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு கிரேசியும் சிரித்தாள். பூங்கனி என்னைப் பார்த்துவிட்டாள்.

"எட்டி பிரிஜா, உள்ள எல்லாம் முழுசா இருக்கா, இல்ல பொடிச்சுப் போட்டியா?"

"கர்ப்பப்பை முழுசா இருக்கு."

"அப்பம் முதல் தரம்னு நெத்தியில எழுதி விடு."

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கிரேசியைக் கூப்பிட்டு, பூங்கனிக்கு வலி குறைக்கிற ஊசி போடச் சொன்னேன்.